படைவீரனும் விமானியும் மாணவனும் ஒருவனாக இயலுமா?

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன், தேசிய மாணவர் படை)

'ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்' என்பது நம் பக்கத்துப் பழமொழி. காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. இரண்டு காரியங்களை ஒரே சமயத்தில் பற்றிக்கொண்டு எதிலும் நிலைகொள்ளாதவனைப் பார்த்துப் பெரியவர்கள் சொல்லும் சொல் இது. நானோ இரண்டல்ல, மூன்று காரியங்களுக்கு ஆசைப்பட்டவன். பட்டம் பெற வேண்டும், விமானம் ஓட்ட வேண்டும், நாட்டுக்காகச் சீருடையும் அணிய வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. இம்மூன்றையும் ஒருவன் ஒருங்கே செய்ய இயலுமா, இயலுமானால் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று கடந்த ஓராண்டாகத் தேடி அறிந்தவற்றை என் சக மாணவர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறேன். எழுதுமாறு பணித்தவர் எங்கள் மாணவர் படை அதிகாரியான பேராசிரியர் ஐயா அவர்கள்.

இக்கேள்வி எனக்குப் புத்தகத்தில் எழுந்ததன்று. சென்ற ஆண்டு குறுவை அறுவடை முடிந்த ஒரு மாலையில், களத்து மேட்டில் உட்கார்ந்திருந்த என் தந்தையார், "விமானம் ஓட்டப் படிக்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். ஐம்பது இலட்சம் ரூபாயை நெருங்கும், தாண்டவும் கூடும் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பத்து மாவைக் கொடுத்துவிடலாம். மிச்சம் ஐந்து மா போதும், நமக்குச் சாப்பாட்டுக்கு ஆகும்" என்றார். எங்களுக்கு இருப்பதே பதினைந்து மாதான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பத்து மா நிலத்தை விலையாகக் கொடுத்துப் பெறும் ஒன்றைப் பற்றி முழுவதும் தெரிந்துகொள்ளாமல் 'சரி' என்று சொல்வது பாவம் என்று தோன்றியது. அன்று தொடங்கியதே இந்த ஆராய்ச்சி.

1. முன்னோர் சென்ற வழி

முதலில், இப்படி வாழ்ந்தவர்கள் நம் நாட்டில் இருந்திருக்கிறார்களா என்று பார்த்தேன். இருந்திருக்கிறார்கள்.

டாட்டாவின் விமான அஞ்சல் போக்குவரத்தே ஒரு முன்னாள் படை விமானியின் துணையால் எழுந்ததுதான். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு சிறு விமானத்தில் அஞ்சல் பைகளைக் கொண்டுவந்தார் என்பதை நாம் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அந்த அஞ்சலைக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றி வெளிவந்தவர். விமான அஞ்சல் திட்டத்தை டாட்டாவிடம் எடுத்துச் சென்றவரும் அவரே. படையில் கற்ற தொழில் குடிமக்களுக்குப் பயன்பட்ட முதல் எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று எனலாம்.

இதற்கு நேர்மாறான போக்கு இரண்டாம் உலகப் போரில் நிகழ்ந்தது. 1939-இல் போர் மூண்டதும், இந்திய விமானப்படைக்குத் தொண்டர் சேமப்படை ஒன்று அமைக்கப்பட்டது. பறக்கும் சங்கங்களில் பயின்றவர்களும், விமானக் கம்பெனிகளில் ஓட்டியவர்களும் அதில் சேர்ந்தார்கள். அவர்களைக் கொண்டு சென்னை, பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி ஆகிய துறைமுக நகரங்களில் கரையோரக் காவல் பிரிவுகள் ஏற்படுத்தப்பட்டன. அவற்றுள் முதல் எண் பெற்றது சென்னைப் பிரிவு என்பது நமக்குப் பெருமை. பழைய 'வாப்பிட்டி' வகை விமானங்களையும், பயணிகளை ஏற்றிச்சென்ற விமானங்களையுமே வைத்துக்கொண்டு அவர்கள் வங்கக் கடலின் மேல் கப்பல்களுக்குக் காவலாகப் பறந்தார்கள். நேற்றுவரை பயணச்சீட்டு வாங்கியவர்களை ஏற்றிச்சென்றவர், இன்று கடலில் எதிரியைத் தேடுகிறார்! சேமப்படை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

சுதந்திரம் வந்த இரண்டு மாதங்களிலேயே மற்றொரு சோதனை வந்தது. 1947 அக்டோபர் 27 அன்று விடியற்காலையில், சீக்கியப் படைப்பிரிவின் முதல் பட்டாளத்தை ஸ்ரீநகருக்குக் கொண்டுசெல்ல டக்கோட்டா விமானங்கள் டில்லியிலிருந்து புறப்பட்டன. அவற்றில் விமானப்படைக்குச் சொந்தமானவையும் உண்டு. தனியார் விமானக் கம்பெனிகளுக்குச் சொந்தமானவையும் உண்டு. கம்பெனி விமானங்களை ஓட்டிய விமானிகள் சீருடை அணியாதவர்கள். ஆயினும் அவர்கள் செய்தது படைவேலையே. அவர்கள் அன்று மறுத்திருந்தால் காஷ்மீரின் வரலாறு வேறாக இருந்திருக்கும் என்றால் மிகையாகாது. ஒரிசாவின் பிஜு பட்நாயக்கும் இவ்வகையைச் சேர்ந்தவரே. போர்க்காலத்தில் விமானப்படையின் போக்குவரத்துப் பிரிவில் ஓட்டியவர், பின்னர் கலிங்கா என்ற விமானக் கம்பெனியைத் தொடங்கினார். 1947-இல் இந்தோனேசியத் தலைவர் சியாரிரைத் தம் விமானத்தில் ஜாவாவிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தார்.

2. சட்டம் என்ன சொல்கிறது?

இந்த அனுபவங்களுக்குப் பிறகு அரசு சும்மா இருக்கவில்லை. 1952-இல் சேம, துணை விமானப்படைகள் சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டம் மூன்று அமைப்புகளைக் கூறுகிறது. ஒன்று, விமானப்படையில் பணியாற்றி விலகியவர்களைக் கொண்ட நிரந்தரச் சேமப்படை. இரண்டாவது, குடிமை வாழ்வில் விமானத் தொழில் அறிந்தவர்களைப் பதிவு செய்து, தேவை நேரும்போது அழைப்பதற்கான வான் பாதுகாப்புச் சேமப்படை. மூன்றாவது, வேறு தொழில் செய்துகொண்டே ஓய்வு நாட்களில் பறக்கப் பயில்பவர்களுக்கான துணை விமானப்படை. ஐம்பதுகளில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் துணை விமானப்படைப் பிரிவுகள் எழுந்தன. வாரநாட்களில் அலுவலகம், விடுமுறை நாட்களில் விமானம் என்ற அந்த வாழ்க்கை எனக்கு மிகவும் இனித்தது. ஆனால் அந்தப் பிரிவுகள் நெடுங்காலம் அவ்வாறே நீடிக்கவில்லை. நிரந்தர விமானப்படை வளர வளர, அவை அதனுள் அடங்கிப்போயின. போர் விமானம் வேகமும் சிக்கலும் மிகுந்த இயந்திரமாக மாறிய பின், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவனை நம்பி அதை ஒப்படைக்க முடியாது என்பது எளிதில் விளங்கும்.

தரைப்படையில் மட்டும் இந்த முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. அதுவே பிராந்திய இராணுவம். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 1949 அக்டோபர் 9 அன்று முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. தொடங்கி வைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம் இராஜாஜி அவர்கள். இதன் பட்டாளங்களில் ஒன்று நமக்கு அண்மையிலுள்ள திருச்சியிலும், மற்றொன்று கோயம்புத்தூரிலும் இருக்கின்றன.

பிராந்திய இராணுவத்தில் அதிகாரியாக விரும்புகிறவர் 18 முதல் 42 வயதுக்குள் இருக்க வேண்டும். பட்டதாரியாக இருக்க வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, சொந்த வருமானம் உள்ள ஒரு தொழிலில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை மாணவ நண்பர்கள் கவனிக்க வேண்டும். வேலையில்லாதவனுக்கு வேலை தரும் இடமன்று அது. வேலையுள்ளவன் தன் நேரத்தில் ஒரு பங்கை நாட்டுக்குக் கொடுக்கும் இடம். எழுத்துத் தேர்வு, நேர்காணல், தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் சோதனை, மருத்துவச் சோதனை ஆகிய எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். சேர்ந்த பின் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மாதப் பயிற்சி உண்டு. சென்னையில் பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் மூன்று மாதப் பயிற்சியும் பெற வேண்டும். பயிற்சிக் காலத்திலும், அழைக்கப்பட்ட காலத்திலும் மட்டுமே சம்பளம். அவ்வாறு அழைக்கப்பட்டவர் திரும்பி வந்ததும் அவருடைய பழைய வேலையை முதலாளி திரும்பக் கொடுக்க வேண்டும் என்றும் சட்டத்தில் விதி இருக்கிறது.

இது வெறும் ஏட்டுச் சட்டம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2025 மே மாதத்தில் எல்லையில் பதற்றம் ஏற்பட்டபோது, பிராந்திய இராணுவத்தின் 32 காலாட் பட்டாளங்களில் 14-ஐப் பணிக்கு அழைக்க இராணுவத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் வழங்கியது.

3. பிற நாடுகளில்

அமெரிக்காவில் விமானக் கம்பெனியில் பணிபுரியும் விமானிகள் பலர், மாதத்தில் சில நாட்கள் விமானப்படையின் சேமப்பிரிவுகளில் படை விமானங்களை ஓட்டுகிறார்கள். அதற்காக விடுப்பு எடுப்பவரின் வேலையையும் பணிமூப்பையும் காக்க 1994-இல் அங்கே தனிச் சட்டமே செய்யப்பட்டது. அங்கு அது இயல்வதற்குக் காரணம், அந்நாட்டின் சேமப்பிரிவுகளுக்கே சொந்தமாக விமானங்களும் தளங்களும் இருப்பதுதான்.

நம் பக்கத்தவர்களுக்கு அதிகம் தெரிந்தது சிங்கப்பூர். அங்கே 1967 முதல் இளைஞர்கள் கட்டாயமாக இரண்டாண்டு தேசிய சேவை செய்கிறார்கள். என் மாமா அங்கேயே குடியுரிமை பெற்றவர். அவர் மகன் பள்ளி முடித்ததும் இரண்டாண்டு சீருடையில் இருந்துவிட்டு, அதன் பிறகே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். "அத்தான், இரண்டு வருடம் வீணாகப் போகிறதே என்று நினைத்தேன். ஆனால் காலேஜுக்குப் போகும்போது காலை ஐந்து மணிக்கு எழுந்து படிப்பது எனக்கு மட்டும் சிரமமாக இல்லை" என்று சென்ற பொங்கலுக்கு வந்தபோது என்னிடம் சொன்னான். பட்டம் பெற்று வேலைக்குப் போன பின்னும், ஆண்டுக்கு 40 நாட்கள் வரை அழைத்தால் போக வேண்டுமாம். அங்கே ஒரு வரிசை இருக்கிறது என்பதை நான் கவனித்தேன்: முதலில் படை, பிறகு படிப்பு, பிறகு தொழில், அதனூடே சேமப்பணி. அந்த வரிசையை அரசாங்கமே வகுத்துவிட்டது. நமக்கோ வரிசையை நாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

4. விமானி உரிமம் பெறும் வழி

இனி விமானத் தொழிலைப் பார்ப்போம். வணிக விமானி உரிமம் பெறப் பட்டப்படிப்பு தேவையில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மேல்நிலை வகுப்பில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வான்வழி காணல், வானிலையியல், வான் விதிகள், விமான நுட்பம் ஆகிய தாள்களில் ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் பெற வேண்டும். வானிலைத் தாளில் வரும் பருவக்காற்றும் தாழ்வழுத்த மண்டலமும் ஐப்பசி மழையை எதிர்பார்த்து வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நம் தஞ்சை விவசாயிகளுக்குப் புதியனவல்ல!

எல்லாவற்றிற்கும் முதற்படி மருத்துவச் சோதனை. இரண்டாம் வகுப்புச் சோதனை, பின்னர் முதல் வகுப்புச் சோதனை என இரண்டு உண்டு. கண்பார்வை, நிறம் பிரித்தறிதல், காது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். என் நண்பன் ஒருவன், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குறை தனக்கு உண்டு என்பதை இருபது வயதில்தான், அதுவும் தற்செயலாக, அறிந்தான். அதுவரை அவனுக்கே தெரியாது. பணம் கட்டிய பிறகு இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆகவே, விமானக் கனவு காணும் மாணவர்கள் ஒரு ரூபாய் செலவிடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்லுவேன்.

பயிற்சிக்குத் தனியார் பள்ளிகள் பல உண்டு. மத்திய அரசின் சார்பில் உத்தரப் பிரதேசத்தில் ரேபரேலிக்கு அருகே ஃபர்சத்கஞ்சில் 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசிய விமானப் பயிற்சிக் கழகமும் உண்டு. எங்கே பயின்றாலும் செலவு மிகப் பெரிது. உரிமம் கையில் வந்த பின்னும் உடனே வேலை வரும் என்ற உறுதி கிடையாது. கம்பெனி ஓட்டும் பெரிய விமான வகைக்குத் தனிப் பயிற்சி வேண்டும்; அதற்குத் தனிச் செலவு. விமானத்தின் தலைமை விமானியாக, போக்குவரத்து விமானி உரிமம் பெற 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்.

5. மூன்றையும் ஒரே ஆண்டில் அடுக்கிப் பார்த்தால்

என் இயற்பியல் மூளை இவற்றையெல்லாம் ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கச் சொன்னது. வேலையில் இருக்கும் ஒரு விமானி, பிராந்திய இராணுவத்திலும் அதிகாரியாக இருந்துகொண்டு, தொலைநிலைக் கல்வியில் முதுகலையும் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

ஆண்டில் 365 நாட்கள். பயிற்சி முகாமுக்கு 60 நாட்கள் போக மிச்சம் 305. களைப்பினால் விபத்து நேராதிருக்க, விமானிக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 48 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்று 2025-இல் விதி வந்திருக்கிறது. 305 நாட்கள் என்பது ஏறத்தாழ நாற்பத்து மூன்றரை வாரம். அதில் ஓய்வு 87 நாட்கள். மிச்சம் 218 நாட்கள். இதற்குள்தான் பறத்தல், எந்நேரமும் அழைப்பை எதிர்பார்த்துக் காத்திருத்தல், பாவனைப் பொறியில் தேர்வு, ஆண்டுதோறும் மருத்துவச் சோதனை, வீட்டுக் கல்யாணம், கருமாதி எல்லாம். ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. ஓய்வு நாள் ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம் படித்தால், இரண்டு ஆண்டில் 348 மணி நேரம் கிடைக்கும். மிகவும் கட்டுப்பாடான ஒருவருக்கு இது போதும்.

ஆகவே கணக்கில் இடிக்கவில்லை. ஆனால் கணக்கில் அடங்காத மூன்று இடர்கள் உண்டு.

முதலாவது, பழக்கம். கடந்த 90 நாட்களுக்குள் மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிராத விமானி பயணிகளை ஏற்றிச்செல்லக் கூடாது. அறுபது நாள் முகாமோடு ஓர் உடல்நலக் குறைவும் சேர்ந்துவிட்டால் இந்த எல்லை வந்துவிடும். பிராந்திய இராணுவத்தில் அவர் செய்வது காலாட்படைப் பணியே ஆதலால், அங்கே கழிக்கும் நாட்கள் பறக்கும் பழக்கத்துக்கு உதவா.

இரண்டாவது, களைப்பு. ஓய்வு நாள் என்பது விமானிக்குப் பரிசன்று. அதுவும் அவர் கடமையில் ஒரு பகுதி. ஓய்வு நாளைப் படிப்புக்கோ படைப்பயிற்சிக்கோ கொடுத்துவிட்டு, தூக்கக் கண்ணோடு நூற்றெண்பது பேரை ஏற்றிச்செல்வது எவ்வகையிலும் தேசத்தொண்டு ஆகாது.

மூன்றாவதே பெரியது. நெருக்கடி வரும்போது இரண்டு எஜமானர்களும் ஒரே நாளில் அழைப்பார்கள். 1990-இல் குவைத் நெருக்கடியின்போது ஏர் இந்தியா விமானங்கள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்களைத் தாயகம் கொண்டுவந்தன. நெருக்கடிக் காலத்தில் விமானி தம் விமானத்தில் இருப்பதே பெரும் சேவையாகலாம். 1947-இல் டக்கோட்டாவை ஓட்டியவர்கள் துப்பாக்கி ஏந்தியிருந்தால் பட்டாளத்தை ஸ்ரீநகருக்குக் கொண்டுசென்றிருப்பவர் யார்? இதை எண்ணிப் பார்த்தபோது, 'சீருடை அணிந்தால்தான் நாட்டுத்தொண்டு' என்ற என் பழைய எண்ணம் சற்று ஆட்டம் கண்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

6. ஒன்றன்பின் ஒன்றாக

ஒரே ஆண்டில் அடுக்குவது கடினமானால், ஒரே ஆயுளில் அடுக்கலாமே! நம் நாட்டு முறை இதற்கு மிகவும் இடம் தருகிறது.

இதன் முதற்படி நம் கல்லூரி மைதானத்திலேயே இருக்கிறது. 1917-இல் பல்கலைக்கழகப் படையாகத் தோன்றி, 1920-இல் பல்கலைக்கழகப் பயிற்சிப் படையாக மாறி, சுதந்திரத்துக்குப் பின் 1948-இல் தேசிய மாணவர் படையாக மலர்ந்தது நம் மாணவர் படை. 1950-இல் விமானப் பிரிவும் சேர்ந்தது. சீனப் போருக்குப் பின் 1963-இல் கட்டாயமாக்கப்பட்டு, 1968 முதல் மீண்டும் விருப்பப் படையாயிற்று. 'சி' சான்றிதழை 'பி' தரத்துக்குக் குறையாமல் பெற்று, பட்டத்தில் 50 சதவீதமும் எடுத்த தரைப்படைப் பிரிவு மாணவர், எழுத்துத் தேர்வு இல்லாமலே தேர்வு வாரியத்துக்கு அழைக்கப்பட்டு, பரங்கிமலைக் கழகத்தில் சேரலாம். அதிகாரியான பின், தகுதியிருந்தால் தரைப்படையின் சொந்த விமானப் பிரிவுக்கும் விண்ணப்பிக்கலாம்.

விமானப்படைக்கு நேரே செல்ல விரும்பினால், மாணவர் படையின் விமானப் பிரிவில் 'சி' சான்றிதழ் பெற்றவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. என்னைப் போன்ற தரைப்படைப் பிரிவு மாணவர்கள் விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். வயது 20 முதல் 24. மேல்நிலை வகுப்பில் இயற்பியல், கணிதம் ஒவ்வொன்றிலும் 50 சதவீதமும், பட்டத்தில் 60 சதவீதமும் தேவை. பட்டம் எந்தப் பாடத்திலும் இருக்கலாம். வணிக விமானி உரிமம் வைத்திருப்பவருக்கு வயது வரம்பு 26 வரை தளர்த்தப்படுகிறது. விமானி ஆவதற்குரிய இயல்பான திறமை உண்டா என்று கணிப்பொறியில் ஒரு சோதனை வைப்பார்கள். அதில் தவறினால் ஆயுளில் மறுமுறை எழுத முடியாது. ஆகவே, உடலும் மனமும் தெளிவாக இல்லாத நாளில் அதற்குப் போகக் கூடாது.

தேர்வானால் ஐதராபாத்துக்கு அருகே துண்டிகல் விமானப்படைக் கழகத்தில் பயிற்சி. பத்து மா நிலம் விற்க வேண்டியதில்லை. பயிற்சிச் செலவை அரசு ஏற்பதோடு, மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் தருகிறது. குறுகியகாலப் பணியில் பறப்போருக்கு 14 ஆண்டு. 22 வயதில் கழகத்தில் சேர்பவர், பயிற்சியும் பணியும் முடிந்து வெளியே வரும்போது முப்பத்தேழரை வயது. குறுகியகாலப் பணிக்கு ஓய்வூதியம் கிடையாது. ஆனால் கையில் பறந்த மணிகள் இருக்கும். அவற்றைக் காட்டி, உரிய தேர்வுகளை எழுதிக் குடிமை விமானி உரிமம் பெறலாம். விமானக் கம்பெனிகளில் 65 வயது வரை ஓட்டலாம் ஆதலால், இன்னும் இருபத்தேழு ஆண்டுகள் இருக்கின்றன! சேமப்படைப் பொறுப்போடு பணியில் சேர்ந்தவர்களைச் சேமப்படைக்கு மாற்ற 1952-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அவ்வாறு மாற்றப்பட்டவர், விமானக் கம்பெனியில் ஓட்டிக்கொண்டே சேமப்படை வீரராகவும் இருக்கிறார். படிப்பு, படை, விமானத் தொழில், சேமப்பணி என நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துவிடுகின்றன அல்லவா?

மாணவியருக்கும் இவ்வழி திறந்தே இருக்கிறது. தொண்ணூறுகளில் போக்குவரத்து விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் ஓட்டத் தொடங்கிய பெண்கள், 2016 முதல் போர் விமானங்களையும் ஓட்டுகிறார்கள்.

7. எனக்குக் கிடைத்த பாடம்

இவ்வளவும் தெரிந்துகொண்ட பின் என் நிலையைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாவிட்டால் இக்கட்டுரை முழுமை பெறாது. நான்கு பருவத் தேர்வுகளின் முடிவில் என் சராசரி 58 சதவீதம். விமானப்படை கேட்பது 60. அணிவகுப்பு, முகாம், குடியரசு நாள் ஒத்திகை என்று ஓடியவன், செய்முறை வகுப்புகளைத் தவறவிட்டேன். தவறவிட்டதைப் பின்னர் படித்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன், படிக்கவில்லை. மூன்று சுமைகளில் எளிதானது என்று நான் அலட்சியமாகத் தூக்கியது படிப்பையே. மற்ற இரண்டு வாசல்களுக்கும் அதுவே சாவி என்பது, கதவருகே சென்ற பின்தான் தெரிந்தது.

இந்த இடத்தில் நம் கல்லூரியில் பயின்ற மேதை இராமானுஜன் நினைவுக்கு வருகிறார். 1904-இல் உதவித்தொகையோடு இங்கே சேர்ந்த அவர், கணிதம் ஒன்றிலேயே மனத்தைப் பறிகொடுத்து, பிற பாடங்களில் தவறி, அந்த உதவித்தொகையை இழந்தார். அவர் மேதை; உலகம் பின்னர் அவரைத் தேடி வந்தது. நம்மைப் போன்ற சாதாரண மாணவர்களை யாரும் தேடி வரமாட்டார்கள். நாம்தான் மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாகச் செல்ல வேண்டும்.

பேராசிரியர் ஐயாவிடம் சென்று என் மதிப்பெண்ணைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். "மீதி இரண்டு பருவத்திலும் சராசரி 64 வாங்கினால் 60 வந்துவிடும், தம்பி. முடியாததா?" என்றார். பிறகு, "அணிவகுப்புக்கு ஒரு நிமிடம் தாமதமாக நீ வந்ததில்லை. ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் ஏன் தாமதம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அன்று முதல் ஆய்வுக்கூடத்துக்கும் அணிவகுப்புக்குச் செல்வது போலவே சென்றேன். ஐந்தாம் பருவத்தில் 63 வந்தது. ஆறாம் பருவத்தில் 65 வேண்டும். இதை எழுதும் இவ்வேளையில் தேர்வுக்கு ஏழு வாரங்கள் இருக்கின்றன.

தந்தையாரிடம், "அப்பா, நிலத்தை விற்க வேண்டாம். முதலில் அரசு செலவில் ஓட்டுகிற வழியைப் பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் முதுகலை படிக்கிறேன், வேலைக்குப் போகிறேன். வருமானம் வந்த பிறகு பிராந்திய இராணுவத்துக்கு 42 வயது வரை நேரமிருக்கிறது. விமானம் ஓட்டத்தான் வேண்டுமென்றால் அது என் சம்பாத்தியத்தில் ஆகட்டும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பத்து மாவில் தாளடிக்கு நாற்று விடச் சென்றார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நண்பர்களே! தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 முதல் சுகோய் விமானப் பிரிவு ஒன்று இருக்கிறது. அதன் முழக்கம் கேட்டால், களை பறிக்கும் பெண்கள்கூட நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஓட்டுகிறவர்களும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு கல்லூரியில் பருவத் தேர்வு எழுதியவர்களே. படைவீரனும் விமானியும் மாணவனும் ஒருவனாக இயலுமா என்ற கேள்விக்கு, இயலும் என்பதே என் விடை. ஆனால் மூவரும் ஒரே நாளில் ஒரே பாயில் படுக்க இயலாது. அவரவர் முறை வரும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். இப்போது முறை மாணவனுடையது. சேற்றில் வைத்த காலை ஊன்றி, நாற்றை நட்டு முடித்தவனே ஆற்றில் இறங்கிக் கால் கழுவும் உரிமை பெற்றவன். இது என் பணிவான கருத்து.